ஆய்வு முறைகள் பாடத்தில் மதிப்பெண் எங்கே விழுகிறது? டர்பன் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரியில் வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள்கூட ஆகியிருக்காது. ஆனர்ஸ் மாணவர் யாராவது வந்து, "இந்தப் பாடத்துல எதுக்கு மார்க் குடுப்பீங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. மற்ற பாடங்களில் படித்ததை எழுதினால் போதும், சரியா தவறா என்று திருத்திவிடுவார்கள். ஆய்வு முறைகள் பாடம் அப்படிப்பட்டதில்லை. ஒரே தலைப்பை எடுத்த இரண்டு பேரில், நினைத்த முடிவு அப்படியே கிடைத்தவர் 55 வாங்குவார், நினைத்தது எதுவுமே கிடைக்காதவர் 78 வாங்குவார். இரண்டாவது மாணவருக்கு யாரும் சலுகை காட்டியிருக்க மாட்டார்கள்.

டர்பனில் இந்தப் பாடத்துக்குப் பல ஆண்டுகள் டியூட்டராக இருந்து தாள் திருத்தியிருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்படிப்புக்கு வந்தவர்களும் இருப்பார்கள். எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். என்ன கண்டுபிடித்தோம் என்பதற்கு மதிப்பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏன் இந்தக் கேள்வி, ஏன் இந்த ஆட்களிடம், ஏன் இந்த முறையில் என்று ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்கிறாரா என்றுதான் திருத்துபவர் பார்க்கிறார். கீழே சொல்வது எல்லாமே அந்த "ஏன்" பற்றியதுதான்.

முதல் படி: கையேட்டைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு விளக்கம். தென்னாப்பிரிக்காவில் ஆனர்ஸ் என்பது மூன்றாண்டு பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. முடித்தபின் எடுக்கும் தனிப் பட்டம். குறைந்தது 120 கிரெடிட். அதில் 30 கிரெடிட்டாவது ஆய்வுக்கு இருக்க வேண்டும் என்பது தேசியத் தகுதி விதி. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக, ஆய்வுக்கு மட்டும் 300 மணி நேரம். அக்டோபர் மாதம் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாடக் கையேட்டில் எந்த வேலைக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். துறைக்குத் துறை மாறும். நான் திருத்திய ஒரு பாடத்தில் கட்டுரைத் திறனாய்வுக்கு 15, ஆய்வு முன்மொழிவுக்கு 25, பகுப்பாய்வுச் சோதனைக்கு 20, இறுதி அறிக்கைக்கு 40 என்று இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அறிக்கைதான் பெரிது. ஆனால் முன்மொழிவில் கேள்வி கோணலாக அமைந்துவிட்டால் அந்தக் கோணல் அறிக்கைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பார்த்தால் முன்மொழிவு எழுதும் அந்த நான்கு வாரத்தில் 65 மதிப்பெண்ணின் தலையெழுத்து முடிவாகிறது.

இன்னும் இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று டி.பி. (Duly Performed), அதாவது வருகையும் இடைக்கால வேலைகளும் போதுமான அளவு இருந்தால்தான் இறுதி மதிப்பீட்டுக்கு அனுமதி என்ற விதி. மற்றது சப்மினிமம். மொத்தத்தில் 50 எடுத்துத் தேறினாலும், குறிப்பிட்ட பகுதியில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லையென்றால் சில துறைகளில் தோல்விதான். 75-க்கு மேல் போனால் டிஸ்டிங்ஷன்.

கட்டுரைத் திறனாய்வு

முதலில் வரும் வேலை பெரும்பாலும் இதுதான். ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்து விமர்சிக்கச் சொல்வார்கள். பத்தில் ஏழு பேர் கட்டுரையின் சுருக்கத்தை எழுதிக்கொண்டு வருவார்கள். சுருக்கத்துக்குப் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்காது. யாரைக் கேட்டார்கள், யார் விடுபட்டார்கள், எதை வைத்து அளந்தார்கள், முடிவுரை அந்தத் தரவு தாங்குமளவுக்குள் நிற்கிறதா, இவற்றைத்தான் எழுத வேண்டும்.

இதற்குப் பயிற்சி செய்ய நம் வீட்டு விஷயமே இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 31 சதவீதம் பேர் விடுபட்டார்கள் என்று பிந்தைய சரிபார்ப்பு ஆய்வு சொன்னது. இந்திய வம்சாவளியினரிடம் இந்த விடுபாடு இன்னும் மிக அதிகம். வெளியான எண்கள் புள்ளியியல் முறையில் சரிக்கட்டப்பட்டவை. அப்படியானால் சாட்ஸ்வொர்த்தில் ஒரு யூனிட்டில் (குடியிருப்புப் பிரிவில்) எத்தனை குடும்பங்கள் என்று அந்தக் கணக்கை வைத்து எழுதும் கட்டுரையை எவ்வளவு நம்பலாம்? இந்தக் கேள்வியை ஒரு பக்கத்தில் நிதானமாக எழுதிப் பாருங்கள். திறனாய்வு கைவந்துவிடும்.

கேள்வியும் முன்மொழிவும்: இங்கேதான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்

"தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் மொழியும் பண்பாடும்." இப்படி ஒரு தலைப்போடு ஒவ்வோர் ஆண்டும் யாராவது வருவார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் ஒன்றாக வரும். நம் பிள்ளைகள் நம்மைப் பற்றி எழுத விரும்புகிறார்களே என்று மகிழ்ச்சி. 300 மணி நேரத்தில் இதை யாராலும் செய்ய முடியாதே என்று கவலை.

சரி, இதை எப்படிச் சுருக்குவது? ஒரு மாணவியோடு நான் போன வழியைச் சொல்கிறேன். "பண்பாட்டில் எது உன்னை உறுத்துகிறது?" என்று கேட்டேன். கோயில் சங்கம் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தன்னோடு படித்தவர்கள் 12, 13 வயதில் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், அது ஏன் என்று தெரிய வேண்டும் என்றாள். நல்ல தொடக்கம். முதல் வடிவம், "பிள்ளைகள் ஏன் தமிழ்ப் பள்ளியிலிருந்து நின்றுவிடுகிறார்கள்?" என்று வந்தது. யாரிடம் கேட்பாய் என்றேன். பெற்றோரிடம் என்றாள்.

அங்கேதான் பொருந்தாமல் போகிறது. பெற்றோரிடம் கேட்டால், பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்பது தெரியாது. ஏன் நின்றார்கள் என்று பெற்றோர் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அம்மா "டியூஷன் அதிகம்" என்பார். பிள்ளைக்கு அந்த வகுப்பே பிடிக்காமல் இருந்திருக்கும். ஆகவே ஒன்று கேள்வியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆட்களை மாற்ற வேண்டும். அவள் கேள்வியை மாற்றினாள்: "சாட்ஸ்வொர்த்தின் ஒரு தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திய பெற்றோர் அந்த முடிவை எப்படி விளக்குகிறார்கள்?" இது சின்னக் கேள்விதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு நேர்காணலில் பதில் கிடைக்கும். நேர்காணல் ஏன், வினாத்தாள் ஏன் இல்லை என்பதற்கும் காரணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: "எப்படி விளக்குகிறார்கள்" என்று கேட்டுவிட்டு ஐந்து கட்டங்களில் ஒன்றை டிக் செய்யச் சொல்ல முடியாது.

திருத்துபவர் தேடுவது இந்தப் பொருத்தத்தைத்தான். ஒரு தாளில் மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள். முதலில் உங்கள் துணைக்கேள்வி, அடுத்து அதற்குப் பதில் தரும் தரவு, மூன்றாவதில் அந்தத் தரவை எப்படிப் பகுப்பாய்வு செய்யப் போகிறீர்கள் என்பது. எந்த வரியிலாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தத் துணைக்கேள்வியை எடுத்துவிடுங்கள். இந்த அட்டவணையைப் பின்னிணைப்பில் சேர்த்தவர்கள் யாரும் முன்மொழிவில் தோற்றதாக எனக்கு நினைவில்லை.

முன்மொழிவில் முந்தைய ஆய்வுகளைப் பற்றிய பகுதியையும் "ஏன்" கொண்டே கட்ட வேண்டும். இன்னார் இதைச் சொன்னார், இன்னார் அதைச் சொன்னார் என்று அடுக்கினால் அது பட்டியல். எது தெரியும், எது தெரியாது, அந்தத் தெரியாததில் உங்கள் கேள்வி எங்கே உட்காருகிறது என்று காட்டினால் அது வாதம். தமிழைப் பற்றி எழுதுபவர்களுக்கு இந்த நாட்டிலேயே நல்ல ஒரு பிடி உண்டு. அரசியலமைப்பின் 6-வது பிரிவு, மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் 2011 கணக்கெடுப்பின் வீட்டுமொழி அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி கிடையாது, "பிற மொழிகள்" என்ற தொகுப்புக்குள் போய்விட்டது. சட்டத்தில் பெயர் இருக்கிறது, கணக்கில் இல்லை. உங்கள் ஆய்வு ஏன் தேவை என்று சொல்ல இதைவிட வலுவான தொடக்கம் வேண்டுமா?

மாதிரி: 384 என்ற எண்ணை வணங்காதீர்கள்

வினாத்தாள் ஆய்வு செய்பவர்கள் பாதிப் பேர் "எனக்கு 384 பேர் வேண்டும்" என்று வருவார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெரியாது. 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96, அதன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 5 சதவீதப் பிழையின் வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். அவ்வளவுதான். இந்தச் சூத்திரம் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: மக்கள்தொகையில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சமவாய்ப்பு இருக்க வேண்டும். காவடித் திருவிழா அன்று கோயில் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் தாள் நீட்டினால், 384 பேர் ஆனாலும் 3,000 பேர் ஆனாலும் அது சமவாய்ப்பு மாதிரி ஆகாது. கோயிலுக்கு வராதவர் யாரும் அதில் இல்லை.

வசதி மாதிரி, அதாவது கைக்கு எட்டியவர்களிடம் மட்டும் கேட்பது, குற்றமல்ல. மாணவருக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். அதை வசதி மாதிரி என்றே சொல்லி, யார் விடுபட்டார்கள் என்று எழுதி, முடிவை அந்த எல்லைக்குள் வைத்தால் மதிப்பெண் குறையாது. சமவாய்ப்பு மாதிரி என்று பூசி எழுதினால்தான் குறையும்.

ஆய்வு அறம்

நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் ஒரே ஒரு நேர்காணல்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தத் தரவைப் பயன்படுத்த முடியாது, ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். அனுமதிக்கு வாரங்கள் பிடிக்கும் என்பதால் முன்மொழிவு ஏற்கப்பட்ட அன்றே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

தமிழ்ப் பள்ளியிலோ கோயில் சங்கத்திலோ ஆட்களைச் சந்திப்பதாக இருந்தால், அந்த நிர்வாகத்திடமிருந்து கேட்கீப்பர் லெட்டர், அதாவது அங்கே ஆய்வு நடத்தலாம் என்ற அனுமதிக் கடிதம், வேண்டும். அரசுப் பள்ளி என்றால் மாகாணக் கல்வித் துறையின் அனுமதி. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளிடம் பேசப் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் தேவை. முதல் ஆய்வுக்குப் பிள்ளைகளைத் தொட வேண்டாம் என்றே நான் சொல்வேன். அனுமதி வாங்குவதிலேயே ஆண்டு போய்விடும்.

அப்புறம் பாப்பியா. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013-இல் நிறைவேறி 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இனம், மதநம்பிக்கை, உடல்நிலை ஆகியவை அந்தச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல்கள். நம்மவர்களைப் பற்றிய ஆய்வில் "நீங்கள் தமிழரா, தெலுங்கரா, எந்தக் கோயிலுக்குப் போவீர்கள்" என்று முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுகிறோம். அந்தத் தகவல் ஆய்வுக்கு ஏன் தேவை, எங்கே பூட்டி வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்று எழுதியாக வேண்டும்.

இவையெல்லாம் படிவ வேலை என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் இரண்டு விஷயங்களைச் சொல்வதுண்டு. ஒன்று, 2017-இல் தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் தங்களை ஆராய வருபவர்களுக்கென்று தாங்களே ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையான நடைமுறை என்று ஐந்து கேட்டார்கள். அதுவரை வந்துபோன ஆய்வாளர்களிடம் இவை இல்லை என்பதால்தான் கேட்க வேண்டி வந்தது.

மற்றது நான் பக்கத்திலிருந்து பார்த்தது. ஒரு மாணவி சாட்ஸ்வொர்த்தில் வயதான ஓர் அம்மாவைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். "ஆயா, இதப் படிச்சுக் காட்டறேன், அப்புறம் கையெழுத்துப் போடுங்க" என்றாள். அந்த அம்மா படிவத்தைத் தொடவேயில்லை. "காகிதத்தக் காட்டித்தான் எங்கள கேட்டோ மேனர்லேர்ந்து கெளப்பினாங்க. நீ உக்காரு கண்ணு, சாப்பிடு, என்ன வேணுமோ கேளு. கையெழுத்து மட்டும் வேணாம்" என்றார். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் எத்தனை குடும்பங்களை இப்படிப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தது என்று நாங்கள் படித்திருந்தோம். ஆனாலும் எங்கள் ஒப்புதல் படிவம் அந்த நினைவைக் கிளறும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மாணவி அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தோம். நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திருத்த விண்ணப்பம் எழுதினாள்: முதியவர்களுக்குத் தகவல் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டி, வாய்மொழி ஒப்புதலைச் சாட்சியோடு பதிவு செய்ய அனுமதி வேண்டும். அனுமதி வந்தபின் மறுபடி போனாள். இறுதி அறிக்கையில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். வெளித் தேர்வாளர் அந்தப் பக்கங்களின் ஓரத்தில்தான் அதிகம் குறிப்பெழுதியிருந்தார், எல்லாம் பாராட்டு.

இன்னொன்று: நம் முதியவர்களில் தமிழ் பேசுபவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பவர்கள் அல்லர். தமிழில் அச்சடித்த படிவம் கொடுத்தாலே கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

களத்துக்குப் போகும் முன் ஒரு சோதனை ஓட்டம்

ஐந்தாறு பேரிடம் வினாத்தாளை முன்னோட்டமாகக் கொடுத்துப் பாருங்கள். என்ன மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். மதிப்பெண் அந்தக் குறிப்புக்குத்தான்.

முன்னோட்டத்தோடு நாட்காட்டியையும் பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது, சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கு வரும் குடும்பங்கள் வாரத்துக்கு எவ்வளவு காய்கறி வாங்குகின்றன என்று ஓர் ஆய்வு செய்தேன். முன்மொழிவு ஏற்கப்பட்டு, அனுமதி வந்து, களத்தில் இறங்கும்போது செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. அது புரட்டாசி. நம் வீடுகளில் பாதி அந்த மாதம் முழுக்க விரதம், மீனும் கறியும் உள்ளே வராது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனாலும் தரவைக் கணினியில் ஏற்றிப் பார்க்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. நான் அளந்தது வழக்கமான வாரத்தை அல்ல, விரத வாரத்தை. என் வழிகாட்டிக்குப் புரட்டாசி தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபடி தரவெடுக்க நேரமில்லை. புரட்டாசி என்றால் என்ன, அது எந்தத் திசையில் எண்களைச் சாய்த்திருக்கும், எந்த முடிவுகளை அதனால் நம்பக் கூடாது, எவற்றை நம்பலாம் என்று ஆய்வின் எல்லைகள் பகுதியில் முழுதாக எழுதினேன். கேள்வியையும் அதற்கேற்பச் சுருக்கினேன். தோற்றுவிடுவேன் என்று பயந்திருந்தேன். 71 கிடைத்தது.

பகுப்பாய்வுச் சோதனை

இது பெரும்பாலும் கணினி அறையில், நேரக் கட்டுப்பாட்டோடு நடக்கும். ஒரு தரவுக் கோப்பைத் தந்து எந்தச் சோதனை பொருந்தும், ஏன், முடிவு என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். பொத்தானை அழுத்தத் தெரிந்தவர்களுக்குப் பாதி மதிப்பெண். p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் "நிரூபணமாகிவிட்டது" என்று எழுதாதீர்கள். உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தால் இப்படியொரு தரவு தற்செயலாக வருவது அரிது என்றுதான் அதற்குப் பொருள். வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நேர்காணல் ஆய்வு செய்பவர்களுக்கு மொழிபெயர்ப்புதான் பகுப்பாய்வின் முதல் கட்டம். நம் முதியவர்கள் ஒரே வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் சூலுவும் கலந்து பேசுவார்கள். யார் மொழிபெயர்த்தார், எந்தச் சொல்லை ஏன் அப்படியே விட்டீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

ஆட்களைச் சந்திக்காமல் ஆவணத்தை வைத்துச் செய்ய விரும்புபவர்களுக்கு, 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 152,184 பேரின் கப்பல் பதிவுகள் இருக்கின்றன. அற்புதமான தரவு. ஆனால் பெயர்களை எழுதியவர் அந்தப் பெயருக்கு உரியவர் அல்லர், அதிகாரி. காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே பெயர் நான்கு எழுத்துக்கூட்டலில் வரும். ஊர்ப் பெயர்களும் அப்படியே. எதை எதோடு சேர்த்து எண்ணினீர்கள் என்ற விதியை எழுதாமல் போனால் உங்கள் எண்களை யாராலும் சரிபார்க்க முடியாது.

இறுதி அறிக்கையும் ரூப்ரிக்கும்

ரூப்ரிக் என்ற மதிப்பெண் அட்டவணையைக் கையேட்டோடு கொடுத்துவிடுவார்கள். அதன் வினைச்சொற்களைக் கவனியுங்கள். 50-ஐ ஒட்டிய கட்டத்தில் "விவரிக்கிறார்" என்றிருக்கும். 60-களில் "விளக்குகிறார்". 75-க்கு மேல் "காரணம் காட்டி மதிப்பிடுகிறார்" என்ற பொருளில் இருக்கும். "பகுதிக் கட்டமைப்புள்ள நேர்காணல் பயன்படுத்தப்பட்டது" என்பது விவரணை. "பெற்றோர் தாங்களே எழுப்பும் காரணங்கள் முக்கியம் என்பதால் கேள்விகளைத் திறந்து வைத்தேன்; அதனால் பன்னிரண்டு பேரின் பதில்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது கடினமானது" என்பது மதிப்பீடு. இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் பதினைந்து மதிப்பெண் இருக்கிறது.

எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளான டர்னிட்டின் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அதில் ஏறும். 8 சதவீதத்தில் திருட்டும் இருக்கலாம், 25 சதவீதத்தில் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், திருத்துபவர் திறந்துதான் பார்ப்பார். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினால் துறையின் விதியைப் படித்து, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். அது தரும் மேற்கோள்களை நூலகத்தில் போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு மேற்கோள் தந்து சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மனதுக்குக் கஷ்டமான காட்சி.

வாய்மொழி அமர்வு இருந்தால், பத்து நிமிடத்தில் ஐந்தை முறையியலுக்கு ஒதுக்குங்கள். நம் வீட்டில் பெரியவர்களுக்கு எதிர்ப்பேச்சு பேசாதே என்று வளர்த்திருப்பார்கள். தேர்வாளர் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்றால் அது கண்டிப்பு இல்லை, உங்கள் காரணத்தைக் கேட்கிறார். "சாரி சார்" என்று தலைகுனியாமல் காரணத்தைச் சொல்லுங்கள். குழு வேலை என்றால் யார் எதைச் செய்தார் என்று வாராவாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள், தகராறு வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

மதிப்பெண் வந்த பிறகு

உங்கள் அறிக்கையை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. உள்ளே ஒருவர் திருத்துவார், இன்னொருவர் சரிபார்ப்பார், பட்டத்தின் இறுதிநிலைப் பாடம் என்பதால் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வெளித் தேர்வாளரும் பார்ப்பார். அதனால் வழிகாட்டி வாய்வார்த்தையாகச் சொன்ன மதிப்பெண் மாறக்கூடும்.

மதிப்பெண் குறைவு என்று பட்டால் முதலில் ரூப்ரிக்கையும் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மறுமதிப்பீட்டுக்குக் கடைசித் தேதியும் கட்டணமும் கையேட்டில் இருக்கும். "நான் ரொம்ப உழைத்தேன்" என்பது காரணமாகாது. "முறையியலில் இன்ன கட்டத்துக்குரியதைப் பக்கம் 14-இல் செய்திருக்கிறேன், அது கணக்கில் வரவில்லை" என்பது காரணம்.

கடைசியாக, நெறிமுறை விண்ணப்பத்தில் தரவை எத்தனை ஆண்டு வைத்திருந்து அழிப்பேன் என்று எழுதினீர்களோ அந்தத் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். ஒலிப்பதிவுகள் கைபேசியில் இருந்தால் பூட்டிய இடத்துக்கு மாற்றிவிட்டுக் கைபேசியில் அழியுங்கள். தமிழ்ப் பள்ளிக்கோ கோயில் சங்கத்துக்கோ முடிவுகளைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தால், இரண்டு பக்கத்தில் எளிய மொழியில் எழுதி, பட்டமளிப்புக்கு முன்பே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.